டிரெய்லர் பூட்டும் முறை: ஹிட்ச்சை அளந்து சரிசெய்வது

“என்னம்மா, பின்பாரமா நிக்குதே வண்டி?” என்றார் மாமா.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து அவர் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. டல்லாஸுக்கு வடக்கே எங்கள் வீட்டு வாசலில், பிக்கப் டிரக்கின் பின்னால், உள்ளேயே தங்கிச் சமைக்கிற 24 அடி டிரெய்லரை மாட்டி நிறுத்தியிருந்தோம். என் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அவர் டிரக்கின் முன் மட்கார்டைக் காட்டினார். “மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்குது பாரு. மாடா இருந்தா நுகத்தடி கழுத்தை விட்டுக் கிளம்பியிருக்கும்.”

நெல் மூட்டை ஏற்றி மில்லுக்கு மாட்டு வண்டி ஓட்டியவர் அவர். மூட்டைகளை ஏற்றியதும் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்து, முன்பாரமா பின்பாரமா என்று சொல்லிவிடுவாராம். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரமானால் நுகம் மேலே கிளம்பும். டிரெய்லரும் அப்படித்தான். அதன் பாரமெல்லாம் நடுவில் இருக்கும் அச்சின் மேல், மூக்கு மட்டும் இன்னொன்றின் மேல். மாட்டின் இடத்தில் டிரக் நிற்கிறது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் பாலோ டூரோ பள்ளத்தாக்குக்குப் போய்வந்தோம். ஃபோர்ட் வொர்த்திலிருந்து அமரில்லோ வரை 287 நெடுஞ்சாலை. விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டியதும் பக்கவாட்டுக் காற்று. ஸ்டியரிங் கையில் லேசாக, பிடிமானமே இல்லாமல் ஆடியது. பெரிய லாரி ஒன்று கடந்து போகும்போதெல்லாம் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். டிரெய்லர் வாங்கிய கடையில், அதை டிரக்கோடு பூட்டும் இணைப்பான ஹிட்ச்சையும் அவர்களே பொருத்திக் கொடுத்திருந்தார்கள். டிரெய்லர் காலியாக இருந்தபோது, டேப் எடுத்து ஓர் அளவுகூடப் பார்க்காமல், இருபது நிமிஷத்தில் முடிந்த வேலை அது. நானும் அதை அப்படியே நம்பி ஓட்டிவிட்டேன். மாமா சொன்ன பிறகுதான் உட்கார்ந்து முறையாகக் கற்றுக்கொண்டேன். ஒரு டேப்பும், ஒரு நோட்டும், அரை நாளும் இருந்தால் யாரும் செய்யலாம். செய்யாமல் மட்டும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பாரம் எங்கே போகிறது

டிரெய்லரின் மூக்கு டிரக்கின் ஹிட்ச் உருண்டைமேல் அமுக்கும் எடையை இங்கே டங் வெயிட் என்பார்கள். நான் முன்பாரம் என்றே எழுதுகிறேன். பயணத்துக்கு ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இது இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டும். மிஞ்சினால் டிரக் தாங்காது.

டிரெய்லரின் முன்பாரம்தான் டிரக்குக்குப் பின்பாரம். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. உருண்டை டிரக்கின் பின் அச்சுக்கு மேலே இல்லை. அதற்கும் பின்னால் தள்ளி இருக்கிறது. அங்கே அமுக்கினால் பின் அச்சை ஊன்றுபுள்ளியாக வைத்து டிரக் நெம்பப்படுகிறது. பின்பக்கம் இறங்க, முன்பக்கம் கிளம்பும்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். முன்பாரம் 780 பவுண்டு. உருண்டையிலிருந்து பின் அச்சுக்கு 60 அங்குலம். இரண்டு அச்சுகளுக்கு இடையே 145 அங்குலம். 780-ஐ 60-ஆல் பெருக்கி 145-ஆல் வகுத்தால் சுமார் 320 பவுண்டு வரும். முன் சக்கரங்களிலிருந்து அவ்வளவு எடை கழன்றுவிடுகிறது. பின் அச்சில் 780-ம் ஏறி, கழன்ற 320-ம் சேர்ந்து, 1,100 பவுண்டு உட்காருகிறது. திருப்புவது முன் சக்கரம். பிரேக் போடும்போது பெரும் பிடிப்பைத் தருவதும் அதுதான். அதிலிருந்து எடையை எடுத்துவிட்டால் 287-ல் எனக்கு நடந்ததுதான் நடக்கும். ராத்திரியில் ஓட்டினால் ஹெட்லைட்டும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

பாரம் பிரிக்கும் ஹிட்ச் செய்வது இதற்கு மாற்று. டிரக்கின் பின்னடியில் இருக்கும் சதுரக் குழாயான ரிஸீவரில் செருகும் கனமான தண்டு, அதன் முனையில் உருண்டையைத் தாங்கும் தலை, அந்தத் தலையிலிருந்து டிரெய்லரின் முன்பக்க முக்கோணச் சட்டமான ஏ-ஃப்ரேம் ஓரமாகப் பின்னோக்கி நீளும் இரண்டு ஸ்பிரிங் பார்கள். அவற்றின் மறுமுனையைச் சங்கிலியாலோ தாங்கியாலோ மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். பார் வில் போல வளையும். அந்த இறுக்கம் பின் அச்சில் குவிந்த எடையில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் இன்னொரு பங்கை டிரெய்லர் அச்சுகளுக்கும் தள்ளிவிடும். முன்பாரம் குறைந்து போவதில்லை. அதன் விளைவைத்தான் மூன்று இடத்துக்கும் பங்கு போடுகிறது.

என்னுடையது சங்கிலி மாதிரி. சங்கிலி இல்லாமல் எல் வடிவத் தாங்கிமேல் பார் உட்காரும் மாதிரியும் உண்டு. அளக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே. இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் சங்கிலிக்குப் பதில் தாங்கியை ஒரு துளை மேலே கீழே நகர்த்துவார்கள், அவ்வளவுதான்.

டேப்பை எடுப்பதற்கு முன்

முதலில் ஸ்டிக்கர்களைப் படியுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். எங்கள் டிரக்கின் மொத்த எடை 6,650 பவுண்டைத் தாண்டக்கூடாது. பின் அச்சு 3,800-ஐத் தாண்டக்கூடாது. ரிஸீவரில் இன்னொரு ஸ்டிக்கர். அதில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும்: பாரம் பிரிக்கும் ஹிட்ச் இல்லாமல் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு என்று. எங்களுடையது இல்லாமல் 500 பவுண்டு முன்பாரம்தான் தாங்கும். ஆகவே எங்களுக்கு இந்த ஹிட்ச் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை.

பார்களிலும் எண் அடித்திருக்கும். 600, 800, 1,000 என்று பல வலுவில் வருகின்றன. உங்கள் முன்பாரத்துக்கு ஏற்ற ஜோடி வேண்டும். மெலிந்ததை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் முன் அச்சுக்குப் போதுமான எடை திரும்பாது. தேவைக்கு மிக வலுவானதைப் போட்டால் ஒவ்வொரு மேடு பள்ளமும் டிரெய்லர் சட்டத்தில் இடிக்கும். டிரக்கில் பின் அச்சுக்குப் பின்னால் வைக்கிற சாமானையும் முன்பாரத்தோடு கூட்டிக்கொள்ளச் சில ஹிட்ச் நிறுவனங்கள் சொல்கின்றன. கையேட்டில் பாருங்கள்.

அடுத்தது, ஏற்றுவது. பயணத்துக்கு எப்படிப் போவீர்களோ அப்படியே ஏற்ற வேண்டும். காலி டிரெய்லரில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. கேஸ் சிலிண்டர் நிரம்பியிருக்கட்டும், பேட்டரி இருக்கட்டும். அரிசி மூட்டை, குக்கர், கிரைண்டர் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போகட்டும். எங்கள் டேபிள் டாப் கிரைண்டரை டிரெய்லரின் கடைசி அலமாரியில் வைத்திருந்தேன். இப்போது அச்சுக்கு நேர் மேலே. தண்ணீர்த் தொட்டிதான் ஆளை ஏமாற்றும். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல். அது அச்சுக்கு முன்னால் இருந்தால் முன்பாரம் ஏறும், பின்னால் இருந்தால் இறங்கும். எங்களுடையது பின்னால். அதனால் ஒன்று முழுக்க நிரப்பி அளப்பது, அல்லது காலியாக அளந்து எப்போதும் காலியாகவே ஓட்டுவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. முகாமில் குழாய் இருப்பதால் காலியாக ஓட்டுகிறோம்.

டிரக்கில் பெட்ரோல் நிரப்புங்கள். எல்லா டயருக்கும் காற்று, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்த்து. டிரெய்லர் டயருக்கு அதன் பக்கத்தில் அச்சடித்திருக்கும் உச்ச அளவு, எங்களுடையதில் 65 பிஎஸ்ஐ. அப்புறம் சமதளமான இடம். எங்கள் வாசல் சரிவு என்பதால் ஞாயிறு காலையில் பக்கத்துப் பூங்காவின் கார் நிறுத்துமிடத்துக்குப் போனோம். டிரக்கில் காற்று சஸ்பென்ஷன் இருந்தால் அதை அணைப்பதா, எந்த நிலையில் வைப்பதா என்று கையேடு சொல்லும். பார்க்காமல் தொடங்கினால், நீங்கள் அளக்க அளக்க அது தன்பாட்டுக்கு உயரத்தை மாற்றிக்கொண்டிருக்கும்.

உருண்டையின் உயரம்

டிரெய்லரைத் தனியாக நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். மூக்கு ஜாக்கியை ஏற்றி இறக்கி, சட்டத்தின் முன்முனையும் பின்முனையும் தரையிலிருந்து ஒரே உயரத்துக்கு வரும்படி வையுங்கள். இப்போது தரையிலிருந்து, உருண்டைமேல் கவிழும் மூக்கு முனையான கப்ளரின் குழிக்குள், மேல்பகுதி வரை அளங்கள். எங்களுக்கு 19½ அங்குலம். உருண்டையின் உச்சி இதைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும், பாரம் ஏறினால் டிரக் இறங்குமல்லவா? எங்கள் கையேடு ஓர் அங்குலம் என்றது. தண்டில் இருக்கும் துளைகளில் தலையை மேலே கீழே மாற்றி இதைப் பிடிக்கலாம். உருண்டையும் கப்ளரும் ஒரே அளவா என்பதையும் பார்த்துவிடுங்கள். எங்களுடையது 2 5/16 அங்குலம். அந்த எண் இரண்டிலுமே பதிந்திருக்கும்.

தலையைக் கழற்றி மாட்டினால் போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். கை பலத்தால் ஆகிற காரியம் இல்லை. உருண்டையின் நட்டுக்கு நீளமான ரெஞ்ச் வேண்டும். உதிரிபாகக் கடைகளில் முன்பணம் கட்டினால் இரவல் தருவார்கள்.

மூன்று அளவுகள்

இதுதான் முக்கியமான பகுதி. அளக்க வேண்டியது டிரக்கின் மட்கார்டு விளிம்பின் உயரம். சக்கரத்தின் நடுவுக்கு நேர் மேலே, தரையிலிருந்து. அளக்கும் இடத்தில் ஒரு சின்ன மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே கோடு. டேப்பை மாமா பிடித்தார், நான் குனிந்து படித்தேன், மகள் நோட்டில் எழுதினாள்.

முதல் அளவு, டிரெய்லர் இல்லாமல். முன்பக்கம் 38¼ அங்குலம், பின்பக்கம் 40.

இரண்டாவது, டிரெய்லரை உருண்டையில் இறக்கி, பார்களை மாட்டாமல், ஜாக்கியை முழுக்கத் தூக்கிவிட்டு. முன்பக்கம் 39¼ ஆகிவிட்டது. பின்பக்கம் 37¾. முன்னால் ஓர் அங்குலம் கிளம்பியிருக்கிறது. மாமா தலையை மட்டும் ஆட்டினார். கடைக்காரர்கள் மாட்டிக் கொடுத்த நிலையிலும் அளந்து பார்த்தேன்: 39. ஓர் அங்குலத்தில் கால் அங்குலம்தான் திரும்பியிருந்தது.

மூன்றாவது, பார்களை மாட்டிய பிறகு. முன்பக்கம் எவ்வளவு கிளம்பியதோ அதில் பாதியிலிருந்து முழுக்க வரைக்கும் ஓர் இடத்துக்கு அது திரும்ப வேண்டும். எந்த இடம் என்பதை உங்கள் டிரக்கின் கையேடு சொல்லும். சில நிறுவனங்கள் பாதி போதும் என்கின்றன, சில முழுதும் வேண்டும் என்கின்றன. ஆனால் டிரெய்லர் இல்லாமல் நின்ற உயரத்துக்கும் கீழே முன்பக்கம் ஒருபோதும் இறங்கக் கூடாது.

பின்பக்கம் கொஞ்சம் இறங்கித்தான் நிற்கும். பின்னால் பாரம் ஏறியிருக்கிறது, இறங்கத்தானே வேண்டும்? தள்ளி நின்று பார்த்து, டிரக் நேர்கோடாகத் தெரிகிறதா என்று தீர்மானிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு மட்டமாகத் தெரியும்வரை பாரை இறுக்கிக்கொண்டே போவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முன் மட்கார்டின் எண்ணை மட்டும் நம்புங்கள்.

பார் மாட்டுவது

பாரில் தேங்கியிருக்கும் விசை கையை முறிக்கக்கூடியது. அதனால் இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள்.

டிரக்கும் டிரெய்லரும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். திரும்பிய நிலையில் மாட்டவோ கழற்றவோ கூடாது. டிரக் பார்க் கியரில், கைபிரேக் போட்டு. டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை. கப்ளர் பூட்டை மூடிப் பின்னைச் செருகுங்கள். இப்போது மூக்கு ஜாக்கியால், கப்ளரோடு சேர்த்து டிரக்கின் வாலையும் மூன்று நான்கு அங்குலம் தூக்குங்கள். கப்ளர் சரியாகப் பூட்டியிருந்தால் டிரக் கூடவே எழும். எழாமல் கப்ளர் மட்டும் தனியே வந்தால் பூட்டு விழவில்லை. நிறுத்திவிட்டு இறக்கிச் சரிபாருங்கள்.

வால் எழுந்ததும் பாரின் இறுக்கம் பெருமளவு போய்விடும். பாரைத் தலையில் செருகி, சுழற்றி ஏ-ஃப்ரேமுக்கு இணையாகக் கொண்டுவந்து, சங்கிலியின் குறித்த கண்ணியை ஏ-ஃப்ரேமில் இருக்கும் மடக்குத் தாங்கியின் கொக்கியில் மாட்டுங்கள். கூடவே வந்த நீளக் கம்பியால் தாங்கியை மேலே மடக்குங்கள், பாதுகாப்புப் பின்னைப் போடுங்கள். கம்பியை மடக்கும்போது அதன் பாதையில் முகமோ மார்போ இருக்கக் கூடாது, பக்கவாட்டில் நில்லுங்கள். கம்பி மிகக் கனமாக வந்தால் பலத்தைக் காட்டாதீர்கள், ஜாக்கியை இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள். சரியாகத் தூக்கியிருந்தால் ஒரு கையால் மடக்கலாம். என் மகளே மடக்குகிறாள், அவளுக்குப் பதினான்கு வயது. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கைக் கண்ணி. பாருக்கும் தாங்கிக்கும் நடுவே குறைந்தது ஐந்து கண்ணி வேண்டும் என்கிறது எங்கள் கையேடு. அதற்குக் குறைந்தால் திருப்பங்களில் சங்கிலி விறைத்துவிடும். ஜாக்கியை இறக்கி முழுக்கத் தூக்கிய பிறகு பார் ஏறக்குறைய சட்டத்துக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும்.

இப்போது டிரக்கைப் பத்து இருபது அடி முன்னால் நகர்த்தி நிறுத்துங்கள். ஸ்பிரிங்குகள் தம் இடத்தில் அமரும். பிறகு மூன்றாவது அளவு.

கடைக்காரர்கள் எட்டுக் கண்ணி விட்டிருந்தார்கள். நான் இரண்டு குறைத்து ஆறாக்கினேன். முன்பக்கம் 38 வந்தது. டிரெய்லர் இல்லாதபோது இருந்ததைவிடக் கால் அங்குலம் கீழே! இறுக்கமாக இருந்தால் பத்திரம்தானே என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். அது தவறு. அடுத்த வாரம் மழையில் ஒரு நெடுஞ்சாலை ஏற்றத்தில் கிளம்பும்போது பின் சக்கரம் வழுக்கிச் சுழன்றது. பாரை மிஞ்சி இறுக்கினால் பின் அச்சு லேசாகிவிடுகிறது. ஈரச் சாலைத் திருப்பத்தில் பிரேக் போட்டால் பின்பக்கம் பிடி நழுவி டிரெய்லர் டிரக்கை மடக்கிவிடலாம். தளர்வைப் போலவே மிகை இறுக்கமும் ஆபத்து. ஏழு கண்ணியில் மாட்டியபோது முன்பக்கம் 38½-க்கு மேல் ஒரு கோடு, அதாவது பதினாறில் ஒன்பது. கிளம்பிய ஓர் அங்குலத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பியிருக்கிறது. பின்பக்கம் 38½.

கண்ணியை மாற்றிச் சரிவராவிட்டால் தலையின் சாய்வை மாற்ற வேண்டும். என் ஹிட்ச்சில் தலைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு பின்னில் வாஷர்கள் கோத்திருக்கும். ஒரு வாஷர் கூட்டினால் தலை டிரெய்லர் பக்கம் இன்னும் சாயும், பாரின் முனை கீழே இறங்கும், அதே கண்ணியில் மாட்டினாலும் இறுக்கம் கூடும். குறைத்தால் தளரும். ஐந்து கண்ணி வரை வந்தும் முன்பக்கம் இறங்கவில்லையா? வாஷரைக் கூட்டுங்கள். பார் முனை சட்டத்தை முட்டும் அளவு மேலே நிற்கிறதா? அப்போதும் சாய்வைக் கூட்டிச் சங்கிலியை நீட்டிவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் போல்ட்டை மறுபடி டார்க் ரெஞ்ச்சால் இறுக்கி, மறுபடி அளவு.

எடைமேடை

டேப் அளவு நல்ல வழிகாட்டி. உறுதியான எண் வேண்டுமென்றால் எடை போட வேண்டும். லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் நிலையங்களில் கேட் ஸ்கேல் என்று பலகை வைத்த எடைமேடை இருக்கும். ஐயோவா மாநிலத்து வால்காட்டில் தலைமையகம் வைத்து 1977 முதல் நடக்கிற நிறுவனம். கட்டணம் அதிகமில்லை. அன்றைக்கே மறுபடி போட்டால் இன்னும் குறைவு. டிரெய்லர் இழுக்கிற குடும்பங்களும் தாராளமாகப் போகலாம்.

மேடை தனித்தனிப் பலகைகளாக இருக்கும். டிரக்கின் முன் சக்கரம் முதல் பலகையிலும், பின் சக்கரம் இரண்டாவதிலும், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதிலும் நிற்கும்படி ஓட்டி நிறுத்துங்கள். பக்கத்துப் பெட்டியில் பொத்தானை அமுக்கிப் பேச வேண்டும், அல்லது அவர்கள் செயலியில் போனிலேயே முடித்துக்கொள்ளலாம். மூன்று தடவை: பாரோடு, பார் இல்லாமல், டிரக் மட்டும். மூன்று தடவையும் அதே ஆட்கள் வண்டிக்குள் இருக்க வேண்டும். காலை பத்து மணிக்குப் போங்கள். இரவு தங்கிய லாரிகள் கிளம்பியிருக்கும், டிரெய்லரைக் கழற்றி நிறுத்த இடம் கிடைக்கும்.

எங்கள் சீட்டுகள் இப்படி வந்தன.

டிரக் மட்டும்: முன் அச்சு 3,240, பின் அச்சு 2,680. மொத்தம் 5,920.

டிரெய்லரோடு, பார் இல்லாமல்: 2,920, 3,780, டிரெய்லர் அச்சுகள் 5,620.

டிரெய்லரோடு, ஏழு கண்ணியில்: 3,140, 3,400, டிரெய்லர் அச்சுகள் 5,780.

முன்பாரம் கண்டுபிடிக்க, இரண்டாவது சீட்டில் டிரக்கின் இரண்டு அச்சையும் கூட்டி முதல் சீட்டின் மொத்தத்தைக் கழியுங்கள்: 6,700-லிருந்து 5,920 போக 780. டிரெய்லரின் மொத்த எடை 6,400. ஆக 12 சதவீதத்துக்குச் சற்று மேல், நல்ல இடம். முன் அச்சு இழந்தது 320. பார் திருப்பிக் கொடுத்தது 220. இன்னொன்றையும் கவனியுங்கள். பார் இல்லாமல் டிரக்கின் மொத்தம் 6,700; கதவு ஸ்டிக்கரின் 6,650-ஐத் தாண்டிவிட்டது. பின் அச்சோ 3,800-க்கு 20 பவுண்டுதான் மிச்சம். பாரோடு 6,540, பின் அச்சு 3,400. பழையபடி ஆறு கண்ணியிலும் ஒரு தடவை எடை போட்டுப் பார்த்தேன். முன் அச்சு 3,320, தனியாக நிற்பதைவிட 80 பவுண்டு அதிகம். பின் அச்சு 3,100. மழையில் சக்கரம் சுழன்றதற்கு விடை அந்தச் சீட்டில் இருந்தது.

முன்பாரமே 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் பாரைத் தொடாதீர்கள். கனமான சாமானை அச்சுக்கு முன்னால் மாற்றி ஏற்றி, தொடக்கத்திலிருந்து மறுபடி அளங்கள். பின்பாரமான டிரெய்லரை எந்த ஹிட்ச்சும் காப்பாற்றாது. ஓடும்போது வால் ஆட ஆரம்பித்தால் டிரக்கின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கை போக வேண்டும். வண்டி ஓட்டக்கூடிய ஒவ்வொருவரும் வீட்டு வாசலில் உட்கார்ந்தே இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பயணத்திலும்

உருண்டைமேலும் பாரின் செருகு முனையிலும் மெல்லிய கிரீஸ். வால் ஆட்டத்தைத் தடுக்க உராய்வு பட்டைகள் உள்ள ஹிட்ச்சாக இருந்தால் அந்தப் பட்டைகளில் மட்டும் படக்கூடாது. பாதுகாப்புச் சங்கிலிகளை மூக்குக்குக் கீழே குறுக்காகக் கட்டுங்கள். கப்ளர் கழன்றால் தரையில் விழாமல் அவை தாங்கும். டிரெய்லர் பிரிந்தால் தானே பிரேக் போடும் கேபிளைச் சங்கிலியோடு சேர்க்காமல் டிரக்கில் தனியாக மாட்டுங்கள். தனிக் கம்பியாக வரும் உராய்வு வகை ஆட்டத் தடுப்பான் இருந்தால் ரிவர்ஸ் எடுக்குமுன் அதைக் கழற்ற வேண்டும்.

பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையும் இடத்திலோ முகாம் வாசலிலோ ஆழமான குழிவு இருந்தால் பாரில் பெரும் விசை ஏறும். மெதுவாகப் போங்கள். மிக மோசமான தரையென்றால் சமதளத்திலேயே பாரைக் கழற்றிவிட்டு ஊர்ந்து போகலாம். ஹிட்ச்சைப் புதிதாகச் சரிசெய்த பின் முதல் 50 மைலில் ஒரு தடவை நிறுத்தி, போல்ட்டுகளையும் தாங்கிகளையும் தொட்டுப் பாருங்கள்.

ஏற்றும் சாமான் மாறினால் அளவும் மாறும். சைக்கிள்களை டிரக்கின் பின்னால் ஏற்றிய அன்றைக்கு எங்களுக்கு முன்பக்கம் 38¾ காட்டியது. இரண்டையும் டிரக் கேபினை ஒட்டி முன்னால் நகர்த்தினோம், பழைய இடத்துக்கு வந்துவிட்டது. சங்கிலியின் ஏழாவது கண்ணியில் இரண்டு பக்கமும் மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். மூன்று அளவுகளும் ஹிட்ச் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதியிருக்கின்றன. மாமா ஊருக்குத் திரும்பும் முன் இன்னொரு தடவை பாலோ டூரோ போனோம். கிளம்புகிற அன்று காலை, காபி டம்ளரைப் படியில் வைத்துவிட்டு அவரே டேப்பை எடுத்துக்கொண்டு முன் சக்கரத்துப் பக்கம் போய்க் குனிந்தார். “முப்பத்தெட்டரையும் ஒரு கோடும்மா. பூட்டலாம்.”